கதவுக்கு வெளியே உட்காரும் வேலை

மார்ச் 4

செக்கர் அம்மா அவர்களுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். பதினெட்டு வருஷமாகப் பஸ் பஸ்ஸாக ஏறி, முகத்தைப் பார்த்தே யாரிடம் டிக்கெட் இல்லை என்று கண்டுபிடிக்கிறவள் நீ. இந்த முறை தப்பான ஆளைப் பிடித்துவிட்டாய், அக்கா.

வியாழக்கிழமை காலை எங்கள் மையத்துக்குப் போன் செய்து, "என் தம்பி மறுபடியும் பொருளையெல்லாம் தூக்கிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டான், உடனே பாருங்க" என்று சொல்லியிருக்கிறாய். யாரிடம் சொன்னாய் தெரியுமா? வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம். தினமும் மதியம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். குடும்பத்திலிருந்து வரும் போனை ஒரு எழுத்து விடாமல் கோப்பில் ஏற்றுவது அவள் வேலை. ஏற்றிவிட்டாள். அன்று அவளால் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை, டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் தூக்கிக் கொடுத்தது என்ன? ஒரு ஜோடி ஷூ. அதுவும் ரோட்டில் போகிறவனுக்கு இல்லை, குதிகால் வலி, குதிகால் வலி என்று மூன்று வருஷமாகப் புலம்புகிற சொந்த அக்காவுக்கு.

என் வேலை என்னவென்று உனக்கே சரியாகத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். இந்த மனநல மையத்தில் நான் துணை ஊழியர். மனநோய் வந்து, தேறி, எழுந்து நடமாடுகிறவர்களைத்தான் இந்த வேலைக்கு எடுப்பார்கள். டாக்டர் மருந்து எழுதுவார். சமூகப் பணியாளர் உதவித்தொகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைவார். நான் வீட்டுக்குப் போய் உட்காருவேன். உட்காருவதும் ஒரு வேலையா என்று கேட்காதே. உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆறு மாதப் பயிற்சி முடியப்போகிறது. ஏப்ரல் 12ஆம் தேதி மூன்று பேர் குழு என்னை நிரந்தரமாக எடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும். அவர்கள் மேசையில் இருக்கப்போகிற கோப்பில் இப்போது உன் போன் இருக்கிறது. மையத்தை நடத்துகிற மேடமே நினைத்தாலும் மாற்ற முடியாத விதி, இரண்டு வாரம் நான் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது.

பூட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். இந்த ஊரில் அவர் திறக்காத பூட்டு இல்லை. அவர் மனைவி ஏழு மாதமாக ஒரு அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டை எடுக்கவும், வீட்டில் யாரும் இல்லாதபோது குளிக்கவும் மட்டும் வெளியே வருவார். பதினொரு செவ்வாய்க்கிழமை அந்தக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினோராவது செவ்வாய்க்கிழமை உள்ளேயிருந்து ஒரு குரல், "வெளியே மழையா?" என்று கேட்டது. நாளை செவ்வாய்க்கிழமை. நான் போகவில்லை.

எல்லாம் விவரமாக எழுதித்தானே அனுப்பினேன். படித்துவிட்டும் போன் செய்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' போடுவேன், முப்பத்து நாலு வருஷமாக அதுதான் நடக்கிறது. எழுது. எழுதும்போதாவது நடுவில் மூச்சு வாங்குவாய்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

கடிதம் எழுதச் சொல்லித் தண்டனை கொடுத்திருக்கிறாய். அபராதச் சீட்டு எழுதுவதைத் தவிர வேறு எதுவும் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. இரண்டு தாளைக் கிழித்தாயிற்று.

என்ன எழுதி அனுப்பினாய்? பெட்டிக்குள் ஷூ இருந்தது, கடைக்காரன் பில் இருந்தது. வேறு ஒரு துண்டுத் தாள் கிடையாது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். பில்லைப் பார்த்தேன். அந்த விலைக்கு நான் ஆறு ஜோடி செருப்பு வாங்குவேன். உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், "அவனுக்கே போன் போட்டுக் கேளேன்" என்றார். நான்தான் கேட்கவில்லை. போன தடவை எல்லாம் கைமீறின பிறகு உன்னைக் கேட்டபோது, "எனக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்று சொன்னாய். ஒரு வாரம் கழித்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. சைக்கிளைப் பேப்பர் போடுகிறவருக்குக் கொடுத்தாய். மின்விசிறியைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாய். கட்டிலை வாட்ச்மேனுக்கு. அடுப்பு யாருக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் வெறும் அறையில் ஒற்றைச் சட்டையோடு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் வெளியே நின்று ஒரு மணி நேரம் கெஞ்சினேன். அப்புறம் உடைக்கச் சொன்னேன். உடைத்ததற்கு நீ ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை என்றுதான் இருந்தேன், ஆள் உயிரோடு இருக்கிறானே என்று.

அதனால் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. நாளைக்கே மறுபடி ஒரு ஷூ வந்தாலும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஆனால் உன் வேலைக்கு இடைஞ்சல் வந்துவிட்டது என்று படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை வந்து உங்கள் மேடத்திடம் நானே பேசி எல்லாவற்றையும் சரி பண்ணிவிடுகிறேன். ஷூ அலமாரி மேல் பெட்டியோடு இருக்கிறது, போட்டுப் பார்க்கவில்லை. வரும்போது எடுத்து வருகிறேன், கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

வராதே. இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். லீவை ரத்து செய்.

நீ வந்து மேடத்திடம் பேசினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அக்கா ஒரு நாள் போன் செய்து நிறுத்தினாள், இன்னொரு நாள் நேரில் வந்து விடுவித்தாள், நடுவில் இவன் எங்கே என்று குழு கேட்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கும் வகுப்பு லீடருக்கும் சண்டை வந்தபோது நீ வந்து சரி பண்ணினாய். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எனக்கு அங்கே 'அக்கா பிள்ளை' என்றுதான் பெயர்.

சீட்டு எங்கே என்று கேட்டாய். இடதுகால் ஷூவுக்குள், மூக்குப் பக்கம் திணித்திருக்கிற தாளுக்கு அடியில் வைத்தேன். காலை விட்டால் விரலில் தட்டுப்படும், எடுத்துப் பார்த்துச் சிரிப்பாய் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரும் புது ஷூ வந்தால் முதலில் காலை விடுவார்கள். என் அக்கா போனை எடுத்திருக்கிறாள்.

சரி, அது என் முட்டாள்தனம் என்றே வைத்துக்கொள். ஆனால் ஒன்று கேட்கிறேன், நான் இனி ஆயுசுக்கும் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாதா? கொஞ்சம் பலமாகச் சிரித்தால் நீயும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று பார்க்கிறீர்கள். போன தடவை வந்தபோது இரண்டாவது தடவை சாப்பாடு கேட்டேன், அதற்கும் ஒரு பார்வை. பசித்தது, அக்கா. வேறு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு எழுத வரவில்லை. டிப்போவில் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று உன் மகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேனாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேனாம். மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதத்துக்கு வேறு ஏதாவது சொல்லியிருந்தால் புரிந்துகொள்வேன். இப்போது எதற்கு? இந்த வேலையை நான் பெருமையாக நினைக்கிறேன். எனக்குப் பெருமையாக இருப்பது உனக்கு மறைக்கிற விஷயமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 16

தம்பி,

லீவை ரத்து செய்துவிட்டேன். ஷூவை இறக்கிவிட்டேன். நாற்காலி மேல் ஏறி நானே இறக்கினேன், இடது காலை விட்டேன், விரலில் தட்டியது.

நீ எழுதினது உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் திருப்பி எழுதுகிறேன், என் கையால் எழுதினால்தான் எனக்கு உறைக்கும். "அக்கா, பயப்படாதே. விலை அதிகமாக எதை வாங்கினாலும் மூன்று நாள் பொறுக்க வேண்டும், ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்று நல்லபடியாக இருக்கும்போதே எனக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இதற்கு ஒன்பது நாள் பொறுத்தேன். மேடத்திடம் சொன்னேன். எதுக்கு என்று கேட்டார். எங்க அக்கா தினமும் இருபது பஸ் ஏறி இறங்குறா என்றேன். வாங்கு என்றார். போட்டுக்கொண்டு நட."

நான் பயப்படுவேன் என்று முன்கூட்டியே தெரிந்து எழுதியிருக்கிறாய். ஷூவோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அத்தான் வந்து பார்த்துவிட்டு, "கடிக்குதா?" என்று கேட்டார். கடிக்கவில்லை. ரொம்ப மெத்தென்று இருக்கிறது.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு நீ ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் கொடுத்தது யாருக்கு என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு. உன் மேசையை என் மகள் படிக்கட்டும் என்று வேன் வைத்து அனுப்பினாய். தேக்கு மேசை. நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் பெருமை அடித்தேன், எங்க தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று. ஒரு மாதம் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்த ஒரு மாதமும் நீ அங்கே முங்கிக்கொண்டிருந்தாய். உன் நோயை நான் பரிசு என்று வாங்கி வீட்டில் போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் நீ ஒரு பேனா கொடுத்தால்கூட எதற்குக் கொடுக்கிறாய் என்றுதான் பார்க்கிறேன். போன் செய்தது உன்மேல் சந்தேகப்பட்டு இல்லை, தம்பி. மறுபடியும் சந்தோஷப்பட்டுவிடுவேனோ என்கிற பயம்.

மன்னித்துவிடு. கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன், கேட்கிறேன்.

அச்சகம் பற்றி: வெட்கப்பட்டுச் சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வெட்கம்தான்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த மேசை விஷயத்தில் நீ ஒன்றும் செய்திருக்க முடியாது. அன்று நீ ஏன் என்று கேட்டிருந்தால் உன்னையும் ஒரு பேச்சுப் பேசி அனுப்பியிருப்பேன். அந்தப் பாரத்தை இறக்கி வை.

நேற்றிலிருந்து மறுபடி வீடுகளுக்குப் போகிறேன். முதலில் பூட்டுக்காரர் வீடு. நடந்ததைக் கேள்.

நான் இல்லாத இரண்டு வாரத்தில் அவர் பொறுமை போய்விட்டது. கீலைக் கழற்றக் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து கதவுப் பக்கத்தில் வைத்திருந்தார். "ரெண்டு நிமிஷ வேலைங்க. ஊருக்கெல்லாம் திறந்து விடுறேன், என் வீட்டுக் கதவைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். ஒரு வாரம் மட்டும் பொறுங்க என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

நான் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கே சும்மா உட்கார மாட்டேன், அவர் ஒரு டப்பா நிறையப் பழைய சாவி கொடுப்பார், அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பேன். சாவிச் சத்தம் கேட்டால் நான் வந்துவிட்டேன் என்று உள்ளே தெரியும். அரை மணி நேரம் பிரித்தேன். அப்புறம், "ரெண்டு வாரமா எங்க போனீங்க?" என்று குரல்.

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, உண்மையைச் சொன்னேன். "எங்க அக்காவுக்கு ஒரு ஷூ வாங்கி அனுப்பினேன். எனக்கு மறுபடி முத்திடுச்சுன்னு நினைச்சு ஆபீஸுக்குப் போன் போட்டுட்டா. வேலையை நிறுத்தி வெச்சுட்டாங்க" என்றேன்.

கெட்டது போ என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சிரிப்பு, அக்கா. இருமல் மாதிரி ஆரம்பித்து, நிற்கவே இல்லை. "ஷூவுக்கா?" என்றார். "ஷூவுக்குத்தான்" என்றேன். "என்னையும் இப்படித்தான் பார்ப்பாங்க. ஒரு நாள் ஜன்னல் எல்லாம் துடைச்சேன். ஏன் துடைக்கிறே, ராத்திரி தூங்கினியான்னு மூணு பேர் கேட்டாங்க. அழுக்கா இருந்துச்சு, துடைச்சேன்" என்றார். பேசிக்கொண்டே இருந்தார். தாழ் நகர்ந்தது. ஒரு சாண் அளவுக்குக் கதவு திறந்தது. பாதி முகம்தான் தெரிந்தது. என்னைக் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஷூ எந்தக் கடை? எனக்கும் குதிகால் வலி."

சமையலறையில் பூட்டுக்காரர் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. அவர் வெளியே வரவில்லை. வந்தால் மனைவி கதவை மூடிவிடுவாரோ என்று பயந்து, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பதிமூன்று வாரத்தில் ஒரு சாண். உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தலைகால் புரியாமல் நடந்தேன், என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

இன்னொன்றும் புரிந்தது. நான் உள்ளே இருந்தபோது, உள்ளே இருப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். இப்போது வாராவாரம் வெளியே உட்காருகிறேன். வெளியே இருப்பவர் படும் பாடு எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இந்த அம்மா சாப்பிடுகிறார், பேசுகிறார், அதனால் பொறுக்கலாம். நான் அன்று நாலு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீ கதவை உடைத்தது சரி. நாலு வருஷம் கழித்துச் சொல்கிறேன், சரிதான்.

வேலை விஷயம்: போன் செய்த குடும்பத்தார் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று விதி. நான் உட்கார்ந்திருக்கும்போதே அதைச் சத்தமாகப் படிப்பார்கள். எழுதுகிறாயா? இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதே.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

அந்தச் செவ்வாய்க்கிழமையை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், என் மகளுக்குப் படித்துக் காட்டினேன், அப்புறம் எனக்கு நானே ஒரு தடவை. ஒரு சாண் சின்ன விஷயமா? போடா.

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தேன். என் தம்பி பூரணமாகக் குணமாகிவிட்டான், நாலு வருஷமாக ஒரு குறையும் இல்லை, அவன் மாதிரி நிதானமான ஆள் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது, எல்லாம் என் புத்தி கெட்டதனம் என்று நாலு பக்கம். அத்தான் படித்துவிட்டு, "டிக்கெட் எடுக்காதவங்க உன்கிட்ட இப்படித்தானே பேசுவாங்க?" என்றார். மூக்கு உடைபட்டது. ஆனால் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குணமாகிவிட்டான் என்று எழுதினால்தானே வேலை கொடுப்பார்கள்?

அக்கா


மார்ச் 29

அக்கா,

அத்தானுக்கு என் நன்றி. அந்த நாலு பக்கத்தையும் கிழி.

குணமாகிவிட்டான் என்று எழுதாதே. போன மழைக்காலத்தில் மூன்று வாரம் எனக்குச் சரியில்லை. தூக்கம் குறைந்தது, பேச்சு கூடியது, கடைத்தெருவில் கை அரிக்க ஆரம்பித்தது. நானே மேடத்திடம் போய்ச் சொன்னேன், மருந்தை மாற்றினார்கள், இறங்கியது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊரைக் கூட்டுவாய் என்று மறைத்தேன். நீ என்னை அச்சகத்தில் ஒளித்துவைத்ததற்குக் கோபப்பட்டேன், நானும் உன்னிடம் ஒளித்திருக்கிறேன். இது குழுவுக்குத் தெரியும். நீ நாலு வருஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதினால் உன் கடிதம் அங்கேயே செத்துவிடும்.

நீ பார்த்ததை எழுது. அது போதும்.

தம்பி


ஏப்ரல் 13

அக்கா,

நேற்று முடிந்தது. முதலில் முடிவைச் சொல்லிவிட்டால் நீ மீதியைப் படிக்க மாட்டாய், அதனால் வரிசையாகத்தான் சொல்வேன். கடைசி வரிக்குத் தாவாதே.

நீளமான மேசை. ஒரு பக்கம் மூன்று பேர்: மேடம், வேறொரு மையத்தின் டாக்டர், வெளியாள் ஒருவர். அந்த வெளியாள் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆய்வாளர், முகத்தில் ஈ ஆடாது. இந்தப் பக்கம் நான். உன் கடிதத்தை வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அன்று போனை எழுதினவளே இதையும் படிக்கட்டும் என்று மேடம் நினைத்திருக்க வேண்டும்.

ஒரே பக்கம்தான் எழுதியிருந்தாய். நான் பாதியிலேயே குனிந்துகொண்டேன். நகல் வாங்கி வைத்திருக்கிறேன்:

"நாலு வருஷத்துக்கு முன் என் தம்பி வீட்டையே தூக்கிக் கொடுத்தபோது நான் பேசாமல் இருந்தேன். இப்போது ஒரே ஒரு பொருள் கொடுத்ததற்கு ஊரைக் கூட்டினேன். இரண்டு தடவையும் ஒரே தப்பு. முதலில் அவனிடம் கேட்கவில்லை. அவனுக்கு மறுபடி உடம்பு சரியில்லாமல் போகலாம். போன மழைக்காலத்தில் போயிருக்கிறது, அவனே உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். நான் வேலை பார்க்கிற டிப்போவில் இருநூறு பேர் இருக்கிறோம். காய்ச்சலோடு வண்டி ஏறிவிட்டு, நல்லாத்தான் இருக்கேன் என்று சாதிக்கிறவர்கள்தான் எல்லோரும், நான் உட்பட. தனக்குச் சரியில்லை என்று தானாக நடந்துவந்து சொல்கிற ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவனை நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை."

அவள் படித்து முடித்ததும் ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்க அக்கா நாளைக்கு மறுபடியும் போன் பண்ணினா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"பண்ணட்டும் சார். பண்ணணும். ஆனா எழுதுறதுக்கு முன்னாடி என்னையும் லைன்ல சேர்த்துக்குங்க" என்றேன்.

அவர் மேடத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லையாம். குடும்பத்தார் சொல்வதை எழுதுவார்கள், அப்புறம் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இன்று காலை பார்த்தேன், போன் வந்தால் நிரப்புகிற படிவத்தில் முதல் வரியே மாறிவிட்டது: 'சம்பந்தப்பட்டவரிடம் கேட்டாகிவிட்டதா?' வரவேற்புப் பெண் அதற்கு 'அக்கா கேள்வி' என்று பெயர் வைத்துவிட்டாள். மதியம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள், என் டப்பாவிலிருந்தும் எடுத்தாள்.

எடுத்துக்கொண்டார்கள், அக்கா. நிரந்தரம். பூட்டுக்காரர் வீடு உட்பட ஏழு வீடு என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை குடும்பத்தார் கூட்டம் நடக்கும், அங்கேதான் அடையாள அட்டை கொடுப்பார்கள். நேரம் கிடைத்தால் வா. வந்து எதையும் சரி பண்ண வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 16

என் தம்பிக்கு,

கடைசி வரிக்குத் தாவினேன். அப்புறம்தான் மேலே போனேன். பதினெட்டு வருஷப் பழக்கம், முதலில் டிக்கெட்டைத்தான் பார்ப்பேன்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த முறை பயம் இல்லாமல் பெருமைப்படுகிறேன், அது வேறு மாதிரிதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்கப் போனேன். டிப்போ மேலாளர் தாளை வாங்கிக்கொண்டே, "அச்சகத்துல ஏதாவது விசேஷமா?" என்றார். டீ நேரம், அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. "அச்சகம் எல்லாம் கிடையாது சார். நான்தான் பொய் சொன்னேன். என் தம்பிக்கு மனசு சரியில்லாம போச்சு, ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தான். தேறி வந்து, இப்ப அதே மாதிரி கஷ்டப்படுறவங்க வீட்டுக்குப் போய் உதவுற வேலை பார்க்குறான். நிரந்தரம் ஆயிடுச்சு" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வாசலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது ஓட்டுநர் ஒருவர் என் பின்னாலேயே வந்தார். பதினைந்து வருஷமாக அவர் வண்டியில் ஏறி இறங்குகிறேன், பல் தெரிய ஒரு நாள் சிரித்ததில்லை, சிடுமூஞ்சி என்றுதான் பெயர் வைத்திருந்தேன். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "உங்க தம்பி மாதிரி ஆளுங்க கூப்பிட்டா வீட்டுக்கு வருவாங்களா?"

அவர் மகளாம். இருபத்தி இரண்டு வயது. மனசு சரியில்லாமல் கல்லூரியை நிறுத்திப் பத்து மாதம் ஆகிறது. வெளியூரில் படிக்கிறாள் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார், நாங்களும் நம்பினோம். "யார்கிட்டக் கேட்கிறதுன்னு தெரியல. நீங்க இன்னைக்குச் சொன்னப்பதான் கேட்கத் தோணுச்சு" என்றார். டிப்போ சுவர் ஓரமாக நின்று ஒரு மணி நேரம் பேசினோம். நான் எதையும் சரி பண்ணவில்லை. அவர் சொன்னதைக் கேட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "அவகிட்டக் கேட்டீங்களா, யாராவது வரலாமான்னு?" கேட்கவில்லை என்றார். வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். இன்று காலை வண்டியில் ஏறியதும் சொன்னார், முதலில் அப்பா போய் அந்த மையத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு மையம் எங்கே இருக்கிறது என்று மேடத்திடம் கேட்டு வை. வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டியில் வருகிறோம், அவரும் லீவு போட்டுவிட்டார். என் பக்கத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வை.

உன் அக்கா